முட்டையைத் தொடாதவருக்குக் கொலஸ்ட்ரால் எங்கிருந்து வருகிறது?

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருக்கும் மாமி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வந்து கதவைத் தட்டினார். அறுபத்தொரு வயது. தாளில் மூன்று எண்களுக்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி போட்டிருந்தது. "முட்டை வாசனைகூடப் படாத உடம்பு இது. ஓட்டல் சாப்பாடும் கிடையாது. எனக்கு எப்படிக் கொலஸ்ட்ரால் வரும்? வேறு யாருடைய ரத்தத்தையோ மாற்றிப் பார்த்துவிட்டார்கள்" என்றார். கோபத்தைவிடப் பயம்தான் அந்தக் குரலில் அதிகம் தெரிந்தது.

நான் உணவு ஆலோசகர். சயானில் ஒரு சிறிய கிளினிக்கில் வேலை பார்க்கிறேன். மாட்டுங்கா, செம்பூர், தாராவி, முலுண்டு என்று மும்பையின் பல பகுதிகளிலிருந்தும் தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன. மாமி கேட்ட கேள்வியை யாராவது ஒருவர் கேட்காமல் என் வாரம் கழிவதில்லை. சைவர்கள் தங்களுக்கு இந்தக் கவலையே இல்லை என்று இருந்துவிடுகிறார்கள். அசைவர்கள் முட்டையின் மஞ்சள் கருவை எடுத்துப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இரு தரப்பும் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

கொலஸ்ட்ரால் விஷமல்ல. உடம்பின் ஒவ்வொரு செல்லின் சவ்விலும் அது இருக்கிறது. வெயில் பட்டுத் தோலில் வைட்டமின் டி உண்டாவதற்கும், ஈஸ்ட்ரோஜன், டெஸ்டோஸ்டிரோன், கார்ட்டிசால் போன்ற ஹார்மோன்களுக்கும், கொழுப்பைச் செரிக்க உதவும் பித்தநீருக்கும் அதுதான் மூலப்பொருள். இவ்வளவு முக்கியமான சரக்கை உடம்பு நம் சாப்பாட்டை நம்பி விட்டுவைக்கவில்லை. தானே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரல்தான் அதற்கு முக்கியமான பட்டறை. நம் உடம்பில் இருக்கும் கொலஸ்ட்ராலில் பெரும்பகுதி உள்ளே தயாரானதுதான், தட்டிலிருந்து வந்ததல்ல. மாமியிடம், "பசு புல்லைத்தானே தின்கிறது? அதன் பாலிலும் நெய்யிலும் கொலஸ்ட்ரால் இருக்கிறதே, அது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டேன். சற்று நேரம் யோசித்துவிட்டு, பரிசோதனைத் தாளை மறுபடி எடுத்து நிதானமாகப் பார்த்தார்.

தாவர உணவு எதிலும் கணக்கில் கொள்ளும் அளவுக்குக் கொலஸ்ட்ரால் கிடையாது. ஆகவே கடலை எண்ணெய் பாட்டிலில் 'கொலஸ்ட்ரால் இல்லாதது' என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருப்பது உண்மைதான்; ஆனால் அதனால் நமக்கு எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை. தேங்காய் எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் இல்லை, பாமாயிலிலும் இல்லை. இருந்தும் அந்த இரண்டும் ரத்தக் கொலஸ்ட்ராலை ஏற்றிவிடும். ஏன் என்று பார்ப்பதற்கு முன்னால், கொலஸ்ட்ரால் ரத்தத்தில் எப்படிப் பயணம் செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

ரசத்தில் நெய் விட்டால் மேலே வட்டவட்டமாக மிதக்கும், கலக்காது. ரத்தமும் பெரும்பாலும் தண்ணீர்தான். கொழுப்பு அதில் அப்படியே கரைந்து போக முடியாது. அதனால் உடம்பு கொழுப்பையும் கொலஸ்ட்ராலையும் புரதம் கலந்த ஓர் உறைக்குள் வைத்து, சின்னச் சின்ன டப்பாக்களாக அனுப்புகிறது. மும்பைக்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். வீட்டுச் சாப்பாட்டை அலுவலகங்களுக்குக் கொண்டுபோகும் டப்பாக்காரர்களை நாள்தோறும் பார்க்கிறவர்கள் நாம். எல்.டி.எல். என்பது கொலஸ்ட்ராலைச் செல்களுக்குக் கொண்டுபோகும் டப்பா. எச்.டி.எல். என்பது ஆங்காங்கே மிஞ்சியதைத் திரட்டிக் கல்லீரலுக்குத் திரும்பக் கொண்டுவர உதவும் டப்பா. ட்ரைகிளிசரைடு என்பது கொலஸ்ட்ராலே அல்ல. எரிபொருளாகப் பயன்படும் கொழுப்பு. அதைச் சுமப்பவை வேறு டப்பாக்கள்.

அனுப்பிய டப்பாவை வாங்கி உள்ளே வைக்க ஒரு வாசல் வேண்டும். கல்லீரல் செல்களின் மேல் எல்.டி.எல்.லைப் பிடித்து உள்ளே இழுக்கும் ஏற்பிகள்தான் அந்த வாசல். இதைக் கண்டுபிடித்த மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் என்ற இரு அமெரிக்க மருத்துவர்களுக்கு 1985-இல் நோபல் பரிசு கிடைத்தது. வாசல் நிறைய திறந்திருந்தால் எல்.டி.எல். ரத்தத்திலிருந்து சீக்கிரம் நீங்கிவிடும். வாசல் குறைந்தால் தெருவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். நாள்கணக்கில் சுற்றும் டப்பாக்களில் சில ரத்தக் குழாயின் உட்சுவருக்குள் புகுந்து தங்கிவிடுகின்றன. அங்கே மெல்ல மெல்லக் கட்டுகிற படிவுதான், பல ஆண்டுகள் கழித்து மாரடைப்பாகவோ பக்கவாதமாகவோ வெளிப்படுகிறது.

நெய், வெண்ணெய், பாலாடை, தேங்காய், பாமாயில், ஆட்டுக்கொழுப்பு ஆகியவற்றில் மிகுதியாக இருக்கும் நிறைவுற்ற கொழுப்பு, கல்லீரலின் இந்த வாசல்களைக் குறைத்துவிடுகிறது. மாமியின் கேள்விக்கு இதுதான் பதில். கொலஸ்ட்ராலைத் தின்றால்தான் கொலஸ்ட்ரால் ஏற வேண்டும் என்பதில்லை. அதை அப்புறப்படுத்தும் வழியை அடைத்தாலும் ஏறும்.

இனி அந்தத் தாளுக்கு வருவோம். மாமியுடைய மொத்தக் கொலஸ்ட்ரால் 248, எச்.டி.எல். 44, ட்ரைகிளிசரைடு 180, எல்.டி.எல். 168. எல்லாம் ஒரு டெசிலிட்டர் ரத்தத்துக்கு இத்தனை மில்லிகிராம் என்ற கணக்கு. பல பரிசோதனைக் கூடங்கள் எல்.டி.எல்.லைத் தனியாக அளப்பதில்லை, கணக்குப் போட்டுத்தான் எழுதுகின்றன. ட்ரைகிளிசரைடை ஐந்தால் வகுத்தால் 36. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லையும் இந்த 36-ஐயும் கழித்தால் 168. ஃப்ரீட்வால்ட் என்பவர் 1972-இல் தந்த சூத்திரம் இது. ட்ரைகிளிசரைடு 400-ஐத் தாண்டிவிட்டால் இந்தக் கணக்கு நம்பத்தக்கதல்ல. இன்னும் எளிதான ஓர் எண் உண்டு. மொத்தத்திலிருந்து எச்.டி.எல்.லை மட்டும் கழியுங்கள்: மாமிக்கு 204. ரத்தக் குழாயில் படியக்கூடிய எல்லா டப்பாக்களையும் சேர்த்த கணக்கு அது. தாளில் அச்சிடாவிட்டாலும் பென்சிலால் நீங்களே எழுதிக்கொள்ளலாம்.

எவ்வளவு இருக்கலாம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். இந்திய இதயவியல் சங்கம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, பொதுவாக எல்.டி.எல். 100-க்குக் கீழேயும், எச்.டி.எல். நீக்கிய கணக்கு 130-க்குக் கீழேயும் இருப்பது நல்லது. சர்க்கரை நோய், ரத்த அழுத்தம் போன்றவற்றால் ஆபத்து கூடியவர்களுக்கு எல்.டி.எல். 70-க்குக் கீழே, ஏற்கனவே மாரடைப்பு வந்தவர்களைப் போன்ற மிக அதிக ஆபத்துள்ளவர்களுக்கு 55-க்குக் கீழே. ட்ரைகிளிசரைடு 150-க்குள் இருக்க வேண்டும். எச்.டி.எல். ஆண்களுக்கு 40-க்கும் பெண்களுக்கு 50-க்கும் குறையக் கூடாது. பதினெட்டு வயதிலேயே முதல் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும் என்றும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. நம் ஊர்க்காரர்கள் பலர் நாற்பதைத் தாண்டி, கம்பெனி மருத்துவப் பரிசோதனையில்தான் முதல் முறையாக இந்த எண்களைப் பார்க்கிறார்கள். பொதுவாகவே தெற்காசியர்களுக்கு எச்.டி.எல். குறைவாகவும் ட்ரைகிளிசரைடு அதிகமாகவும் இருக்கும், கொழுப்பு வயிற்றைச் சுற்றிச் சேரும். எடைக் கருவியைவிடத் தையல்காரரின் டேப் நமக்கு அதிகம் சொல்லும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும்.

அன்று மாலையே மாமியின் சமையலறைக்குப் போனேன். நாளெல்லாம் என்ன சாப்பிடுகிறார் என்று கேட்பதைவிட, பாத்திரங்களைப் பார்த்து அளப்பது மேல். மாமாவும் மாமியும் மட்டும்தான் வீட்டில். தினம் ஒரு லிட்டர் முழுக்கொழுப்புப் பால். மும்பையில் பால் என்றால் எருமைப் பால்தான் என்று பழகிவிட்டது. நகரத்துக்குள் கிடந்த தொழுவங்களை வெளியேற்றி 1949-இல் ஆரே பால் காலனியை அமைத்தபோது அங்கே போனவையும் எருமைகளே. கெட்டியான அந்தப் பாலில்தான் நம் ஃபில்டர் காபி இங்கே ருசிக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். முழுக்கொழுப்புப் பாலில் கொழுப்பு 6 சதவீதம். மாமியின் பங்கு அரை லிட்டர். மூன்று வேளைக் காபியும் தயிரும் அதில்தான். 30 கிராம் கொழுப்பு, அதில் சுமார் 19 கிராம் நிறைவுற்றது.

அடுத்தது நெய். காலை தோசைக்கு, பருப்பு சாதத்துக்கு, குழம்பு சாதத்துக்கு, இரவு சப்பாத்திக்கு என்று நான்கு தேக்கரண்டி. அது சுமார் 11 கிராம் நிறைவுற்ற கொழுப்பு. பிறகு தேங்காய்: சட்னி, பொரியல், கூட்டு என்று அவர் பங்குக்கு ஒரு 40 கிராம் துருவல். தேங்காய்த் துருவலில் மூன்றில் ஒரு பங்கு கொழுப்பு, அதில் பெரும்பகுதி நிறைவுற்றது. ஆக 12 கிராம். கூட்டினால் 42. மாமியின் உடம்புக்கு நாளொன்றுக்கு 1,600 கலோரி போதும். அதில் பத்து சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பிலிருந்து வரக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. அப்படிப் பார்த்தால் 18 கிராம்தான் எல்லை. வடை, பஜ்ஜி எதுவும் இல்லாத, கோவில் பிரசாதம்கூட இல்லாத சாதாரண நாளிலேயே அவர் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லாதே" என்றார் மாமி. நிறுத்தச் சொல்வது என் வழக்கமும் அல்ல. நிறுத்தச் சொன்னால் இரண்டு வாரம் கடைப்பிடித்துவிட்டு மூன்றாவது வாரம் விட்டுவிடுவார்கள். பாலை ஒன்றரை சதவீதக் கொழுப்புள்ள டபுள் டோன்டு பாலுக்கு மாற்றினோம். 19 கிராம் ஐந்துக்குள் வந்துவிட்டது. முதல் வாரம் காபி நீர்த்துப்போனதாகக் குறைப்பட்டார். டிகாக்ஷனைக் கெட்டியாக இறக்கச் சொன்னேன், சரியாகிவிட்டது. நெய்யில் பருப்பு சாதத்தின் தேக்கரண்டி மட்டும் தங்கியது. மற்ற மூன்று போயின. தேங்காய்ச் சட்னி வாரம் இரண்டு நாள், மற்ற நாள்களில் தக்காளி, கொத்தமல்லி, பீர்க்கங்காய்த் துவையல். பொரியலுக்குத் தேங்காய்க்குப் பதில் வறுத்த நிலக்கடலைப் பொடி. மொத்தம் பன்னிரண்டு கிராம் சுமாருக்கு இறங்கியது.

இங்கே ஓர் இடத்தில் பலரும் வழுக்கி விழுகிறார்கள். நெய்யைக் குறைத்த பசிக்கு ஒரு கரண்டி சாதம் கூடப் போட்டுக்கொண்டால், எல்.டி.எல். கொஞ்சம் இறங்கினாலும் ட்ரைகிளிசரைடு ஏறிக்கொள்ளும். எடுத்ததன் இடத்தில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் பலன் இருக்கிறது. நல்லெண்ணெய், கடலை எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய் ஆகியவற்றில் நிறைவுறாத கொழுப்பு மிகுதி, அது எல்.டி.எல்.லை இறக்கும். ஒரு கைப்பிடி நிலக்கடலை அல்லது பாதாம், ஒரு கிண்ணம் சுண்டல் என்று வைத்தால் பசியும் அடங்கும். மரச்செக்குத் தேங்காய் எண்ணெய் கெடுதல் செய்யாது என்று பலர் உறுதியாக நம்புகிறார்கள். செக்கில் ஆட்டினாலும் ஆலையில் பிழிந்தாலும் அதில் எண்பது சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்புதான். வாசனைக்கு அவியலில் ஒரு தேக்கரண்டி ஊற்றுங்கள். தினசரித் தாளிப்புக்கு வேண்டாம். நல்ல எண்ணெயானாலும் கலோரி ஒன்றுதான், ஆகவே அதையும் கரண்டியால் அளந்துதான் ஊற்ற வேண்டும்.

குறைப்பதைப் பற்றியே பேசினால் பாதிக் கதைதான். சேர்க்க வேண்டியதில் முதலிடம் கரையும் நார்ச்சத்துக்கு. வெண்டைக்காயை நறுக்கும்போது கத்தியில் இழுபடும் கொழகொழப்பு, வெந்தயத்தை ஊறவைத்தால் விரலில் வழுக்கும் பசை, இசப்கோல் தண்ணீரில் ஊறி உப்பும் கூழ், எல்லாம் அதுதான். கல்லீரல் கொலஸ்ட்ராலிலிருந்து பித்த அமிலங்களைத் தயாரித்துக் குடலுக்கு அனுப்புகிறது. வேலை முடிந்ததும் குடல் அவற்றில் 95 சதவீதத்தை உறிஞ்சித் திருப்பி அனுப்பிவிடும். கல்லீரல் அவற்றையே மறுபடி பயன்படுத்தும். கொழகொழப்பான நார் அந்தப் பித்த அமிலங்களில் ஒரு பகுதியைத் தன்னோடு பிடித்து வெளியே கொண்டுபோய்விடுகிறது. குறைந்ததை ஈடுசெய்யப் புதிதாகத் தயாரித்தாக வேண்டும். அதற்குச் சரக்கு வேண்டும் என்று கல்லீரல் கூடுதல் வாசல்களைத் திறந்து ரத்தத்திலிருந்து எல்.டி.எல்.லை இழுக்கிறது. வெண்டைக்காய்ப் பொரியலுக்கும் ரத்தக் குழாய்க்கும் இப்படி ஒரு தொடர்பு இருப்பதைப் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்னும் போகவில்லை.

மும்பையில் இதற்கு வசதி அதிகம். மாட்டுங்கா மார்க்கெட்டில் வாழைத்தண்டு, அவரைக்காய், கொத்தவரங்காய், வெண்டைக்காய் எல்லாம் கிடைக்கின்றன. மராத்தியர்களின் உசல் என்ற முளைகட்டிய பயறு நம் சுண்டலுக்கு உறவுதான். அதைச் சப்பாத்தியோடு சாப்பிட்டால் நல்ல இரவு உணவு. அதன் மேல் ஓமப்பொடி போன்ற சேவை ஒரு கைப்பிடி தூவி மிசல் ஆக்கிவிட்டால் கணக்கு மாறிவிடும். நாச்னி என்று இங்கே விற்பது நம் கேழ்வரகு, ஜ்வாரி நம் சோளம், பாஜ்ரி நம் கம்பு. வாரத்தில் நான்கு இரவு இந்த மாவுகளில் தட்டும் ரொட்டியான பாக்ரிக்கு மாறலாம். ஓட்ஸ், பார்லி இரண்டிலும் பீட்டா குளுக்கான் என்ற கரையும் நார் உண்டு. நாளுக்கு மூன்று கிராம் கிடைத்தால் எல்.டி.எல். குறைகிறது என்பது உறுதியான செய்தி. கொள்ளு, கொண்டைக்கடலை, ராஜ்மா, கொய்யா, ஆப்பிள் என்று பட்டியல் நீளும். நாரைத் திடீரென்று கூட்டினால் வயிறு உப்பும். இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டி, தண்ணீரும் கூடக் குடியுங்கள்.

முட்டையைப் பற்றி ஒரு பத்தி போதும். ஒரு மஞ்சள் கருவில் சுமார் 186 மில்லிகிராம் கொலஸ்ட்ரால் உண்டு. நிறைவுற்ற கொழுப்பு ஒன்றரை கிராம்தான். பெரும்பாலானவர்களுக்கு உணவிலுள்ள கொலஸ்ட்ரால் ரத்தத்தில் சிறிய மாற்றத்தையே உண்டாக்குகிறது. நாளுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்று நெடுங்காலம் சொல்லிவந்த அமெரிக்க உணவு வழிகாட்டுதல், 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்த எண் வரம்பை எடுத்துவிட்டது. நாளுக்கு ஒரு முட்டை பலருக்குத் தொந்தரவு தராது. எல்.டி.எல். மிக அதிகமாக இருப்பவர்களும் சர்க்கரை நோயாளிகளும் எத்தனை என்று தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளட்டும். முட்டையைப் பொரித்த வெண்ணெயும் கூட வந்த பாவ் ரொட்டியும்தான் பல தட்டுகளில் பெரிய சிக்கல்.

தாராவித் தொண்ணூறடிச் சாலைப் பக்கம் இட்லி வியாபாரம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் வருகிறார். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அவருடைய தாள் வேறு கதை. எல்.டி.எல். 118, எச்.டி.எல். 36, ட்ரைகிளிசரைடு 340. நெய்யே சேர்ப்பதில்லை, பாலும் சாயில் விடும் அளவுதான். விடியற்காலை இரண்டு மணிக்கு மாவோடு எழுந்து பத்து மணிக்குள் பத்துக் கட்டிங் சாய், அதாவது அரை கிளாஸ் டீ, குடிக்கிறார். கட்டிங் ஒன்றுக்கு ஒன்றரைத் தேக்கரண்டிச் சர்க்கரை என்றால் பதினைந்து தேக்கரண்டி, 60 கிராம். மீந்த இட்லிதான் காலைச் சாப்பாடு, மத்தியானம் தட்டு நிறையச் சாதம், இரவு தூக்கம் வருவதற்காக இரண்டு பெக். சர்க்கரை, அரிசி, மைதா, மது எல்லாம் தேவைக்கு மேல் போகும்போது கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றி ட்ரைகிளிசரைடாக ரத்தத்தில் அனுப்புகிறது. 500-ஐத் தாண்டினால் கணையத்தில் அழற்சி வரும் ஆபத்தும் சேர்ந்துகொள்ளும். "தங்கச்சி, சாராயத்தை மட்டும் விட்டால் போதுமா, சாயையும் விடணுமா?" என்று கேட்டார். சாயை விட வேண்டாம், நான்காகக் குறைத்துச் சர்க்கரையில்லாமல் குடியுங்கள் என்றேன். மது முழுக்க நின்றது. சாதம் பாதியானது, தட்டின் மற்றப் பாதியில் காயும் பயறும். ஞாயிற்றுக்கிழமை மட்டனுக்குப் பதில் மீன் விற்கும் கோலிக்காரப் பெண்களிடம் தார்லியும் பாங்டாவும், அதாவது மத்தியும் அயிலையும், வாங்கிக் குழம்பு வைக்கிறார்கள். அந்த மீன்களின் ஒமேகா 3 கொழுப்பு ட்ரைகிளிசரைடை இறக்க உதவும். பொரித்தால் அந்தப் பலன் எண்ணெயில் போய்விடும். மூன்று மாதத்தில் 340 என்பது 176 ஆனது. எடையில் ஐந்து கிலோவும் இறங்கியிருந்தது.

ஒரே வீட்டில் கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே பத்தியம் வைப்பதை நான் ஒப்புக்கொள்ளாததற்குக் காரணம் இதுதான். எந்த எண் ஏறியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் எதைக் குறைப்பது என்று முடிவு செய்ய வேண்டும்.

இரண்டு எண்களையும் ஒருசேரக் கெடுக்கும் ஒரு கொழுப்பும் உண்டு. திரவ எண்ணெயை ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கும்போது உண்டாகும் டிரான்ஸ் கொழுப்பு, எல்.டி.எல்.லை ஏற்றி எச்.டி.எல்.லை இறக்கும். மாட்டுங்காவுக்கு அருகில் சிவ்ரியில்தான் 1932-இல் வனஸ்பதித் தொழிற்சாலை ஒன்று உற்பத்தியைத் தொடங்கியது. நெய் வாங்க முடியாத வீடுகளுக்கெல்லாம் அது நெய்யாகப் போய்ச் சேர்ந்தது. 2022 ஜனவரி முதல் எண்ணெய்களிலும் உணவுப் பொருள்களிலும் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்துவிட்டது. நல்ல சட்டம், தாமதமாக வந்தது. ஆனாலும் காரி என்ற அடுக்கு பிஸ்கட், பஃப், ஃபர்சான் என்ற கார நொறுக்குத்தீனி ஆகியவற்றின் பாக்கெட்டுகளைத் திருப்பிப் படித்தால் பாமாயில் என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். பாமாயிலில் பாதி நிறைவுற்ற கொழுப்பு. மாலைக் காபிக்குத் தொட்டுக்கொள்ளும் இரண்டு காரி பிஸ்கட்டை யாரும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். ஜெர்ரி மோரிஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் வெளியிட்ட முடிவு, மும்பைக்காரர்களுக்கு உடனே புரியும். மாடி பஸ்ஸில் நாளெல்லாம் உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களைவிட, மாடிப்படி ஏறி இறங்கி டிக்கெட் கொடுத்த கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவாக இருந்தது. ஒரே பஸ், ஒரே சம்பள வர்க்கம், வித்தியாசம் அந்தப் படிகள். நம் ஊரின் பழைய சிவப்பு மாடி பஸ்கள் 2023 செப்டம்பரில் விடைபெற்றபோது எனக்கு அந்தக் கண்டக்டர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள்.

பயிற்சி எந்த எண்ணை மாற்றும் என்பதிலும் தெளிவு வேண்டும். எல்.டி.எல். நடையால் பெரிதாக இறங்காது. ட்ரைகிளிசரைடு நன்றாக இறங்கும், எச்.டி.எல். கொஞ்சம் ஏறும். வேலை செய்யும் தசைகளில் லிப்போபுரோட்டீன் லைப்பேஸ் என்ற நொதி கூடுகிறது; அது ரத்தத்திலுள்ள ட்ரைகிளிசரைடை உடைத்துத் தசைக்கு எரிபொருளாக்குகிறது. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான பயிற்சி, இரண்டு நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி, இது பெரியவர்களுக்கான குறைந்தபட்ச அளவு. லோக்கல் ரயிலில் ஒன்றரை மணி நேரம் நின்றுகொண்டு போவதைப் பயிற்சி என்று பலர் சொல்கிறார்கள். அது களைப்பு, பயிற்சி அல்ல.

மாமி காலையில் ஃபைவ் கார்டன்ஸ் பக்கம் நடக்கப் போனார். ஸ்லோகம் சொல்லிக்கொண்டே நடப்பார். முழு ஸ்லோகத்தையும் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறது என்றால் வேகம் போதவில்லை என்று அர்த்தம். பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. அதுதான் மிதமான வேகம். ஸ்லோகத்தைப் பூஜைக்கு வைத்துக்கொண்டு சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு வேகமாக நடக்கும்படி சொன்னேன். ஜூன் முதல் செப்டம்பர் வரை மும்பை மழையில் வெளியே நடப்பது நடக்காத காரியம். அந்த மாதங்களில் கட்டடத்தின் மூன்று மாடிப் படிகளும் வராந்தாவும் போதும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் பதினைந்து நிமிடம், கை வைக்காமல் நாற்காலியிலிருந்து பத்து முறை எழுந்து உட்கார்வது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது என்று வீட்டுக்குள்ளேயே வழி உண்டு. ஆனால் நடக்கும்போதோ படி ஏறும்போதோ நெஞ்சில் அழுத்தம், இடது கையிலோ தாடையிலோ வலி வந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அதை வாயு என்று சொல்லிச் சீரகத் தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்தவர்களை எனக்குத் தெரியும்.

புகைப்பவர்கள் எச்.டி.எல். ஏற வழி கேட்டால் நான் சொல்வது ஒன்றே: முதலில் சிகரெட்டை விடுங்கள். பூண்டையும் எலுமிச்சையையும் கொதிக்கவைத்துக் குடித்தால் அடைப்பு கரையும் என்று செல்பேசியில் சுற்றும் குறிப்பை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். பூண்டு நல்ல உணவு. கட்டிய படிவை அது கரைக்காது.

எல்லாம் சமையலறையின் கையில் இருப்பதாக நினைப்பதும் தவறு. தைராய்டு சுரப்பு குறைந்தால் எல்.டி.எல். ஏறும், அதையும் சேர்த்துப் பரிசோதிக்க வேண்டும். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு ஏறும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த வாசல்கள் குறைவு. ஏறத்தாழ 250 முதல் 300 பேரில் ஒருவருக்கு இந்தப் பரம்பரைக் கோளாறு இருக்கிறது. எல்.டி.எல். 190-க்கு மேல் இருந்தாலோ, குடும்பத்தில் ஐம்பது வயதுக்குள் யாருக்காவது மாரடைப்பு வந்திருந்தாலோ, பத்தியத்தை மட்டும் நம்பிக் காத்திருக்கக் கூடாது. டொரன்டோவில் டேவிட் ஜென்கின்ஸ் என்ற ஆய்வாளர் 2003-இல் வெளியிட்ட ஆய்வில், சோயா, கரையும் நார், கொட்டை வகைகள் நிறைந்த உணவை ஆய்வுக் குழுவே கொடுத்துச் சாப்பிடவைத்தபோது ஒரு மாதத்தில் எல்.டி.எல். கிட்டத்தட்ட 29 சதவீதம் இறங்கியது. அதே உணவை வீட்டில் தாங்களே சமைத்துச் சாப்பிடச் சொல்லி 2011-இல் பார்த்தபோது சுமார் 13 சதவீதம்தான். நிஜ வாழ்க்கைக்கு இந்த இரண்டாவது எண்தான் நெருக்கம்.

மாமிக்கும் அதுவேதான் நடந்தது. மூன்று மாதம் கழித்து எல்.டி.எல். 168-லிருந்து 146 ஆனது, ட்ரைகிளிசரைடு 150. தைராய்டு சரியாக இருந்தது. மாமியின் தகப்பனார் நாற்பத்தொன்பது வயதில் மாரடைப்பில் போனவர் என்பதையும் பார்த்துவிட்டு, டாக்டர் ஸ்டேட்டின் மாத்திரை ஒன்றைக் குறைந்த அளவில் எழுதிக் கொடுத்தார். மாமி இடிந்துபோய் உட்கார்ந்தார். "அப்படியானால் நெய்யைக் குறைத்ததெல்லாம் வீணா?" என்றார்.

வீணல்ல, மாமி. ஸ்டேட்டின் கல்லீரலின் தயாரிப்பைக் குறைத்து, அதன் மூலம் வாசல்களை அதிகமாகத் திறக்கவைக்கிறது. அந்த மாத்திரையின் அளவை இரு மடங்காக்கினால் எல்.டி.எல். கூடுதலாக ஆறு சதவீதம் அளவில்தான் இறங்கும். நீங்கள் சமையலறையில் இறக்கியது 13 சதவீதம். மாத்திரையில் அதை எட்ட வேண்டுமானால் அளவை இரண்டு முறை இரு மடங்காக்க வேண்டியிருக்கும். சின்ன மாத்திரையே போதும் என்று டாக்டர் சொன்னதில் உங்கள் வெண்டைக்காய்க்கும் டபுள் டோன்டு பாலுக்கும் பங்கு இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் எண்கள் சரியாகிவிட்டால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேலை செய்வதால்தான் சரியாக இருக்கின்றன. உடம்பெல்லாம் தசைவலி வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், மாற்றிக் கொடுப்பார்.

மாமி தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். "பருப்பு சாதத்து நெய்?" என்று கேட்டார். ஒரு தேக்கரண்டி, அப்படியே இருக்கட்டும் என்றேன்.